நேற்று உண்டவை

மேலப்பாளையத்தில் மூணாவது வீடு.
இரண்டாம் வருஷ ஊட்டச்சத்தியல், கையில் படிவம்:
நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை
தின்றதெல்லாம், கிராமில்.

முறத்தை மடியில் வைத்துப்
பீடி சுற்றிக்கொண்டே மைதீன் பாத்து சொன்னாள்:
பத்துக் கட்டுக்கு ஒரு டீ.
எத்தனை கட்டு?
நாப்பது.
வகுத்து எழுதினேன். சீனி தனி.

மத்தியானம்?
சாளைக் குழம்பு.
எத்தனை மீன்?
மீனு பயலுவளுக்கு.

புரதக் கட்டத்தில்
சுழி போடப்போன பேனாவை
இலை வெட்டும் கத்திரியால் தட்டினாள்:
"குழம்புக்குள்ள கெடந்துச்சுல்லா பிள்ளே,
அதையும் எழுது."

அட்டவணைப் புத்தகத்தில்
சாளை இருக்கிறது, நூறு கிராமுக்கு இவ்வளவு என்று.
கிடந்து எழுந்துபோன சாளை
இல்லை.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்கணும்.
பென்சிலால் ஓர் எண் போட்டு
அழித்து
மறுபடியும் அதையே போட்டிருக்கிறேன்.