கதவு பூட்டு

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி மூன்றாவது வளவு.
மீட்டர்ப் பெட்டிக்குக் கீழே
அடம்பன் கொடி மணலை விட்டேறி
மதிலைப் பிடித்திருந்தது.
இலக்கம் வாசிக்கக் குனிந்தேன்,
ஓர் இலை அசைந்து தள்ளி உட்கார்ந்தது.

என் சுண்டுவிரல் பருமன்.
பச்சை என்றால் பச்சையும் இல்லை,
மாரி கலக்கிய களப்பின் நிறம்.
விலாவில் சரிந்த கோடுகள். எண்ணினேன், ஏழு.
ஒரு நுனியில் கொம்பு.
அதுதான் தலை என்று நினைத்திருந்தேன்,
மற்ற நுனி தின்னத் தொடங்கும் வரை.

அலகு எழுதும் அதே பேனையால்
புத்தக ஓரத்தில் குறித்தேன்:
நீளம் மூன்று அங்குலம். கோடு ஏழு. கொம்பு வாலில்.
பெயர்,
என்று எழுதி இடம் விட்டேன்.

"மயிர்க்கொட்டி" என்றாள் வீட்டுக்காரி, நிலைக்குள் நின்றபடி.
மயிரும் இல்லை, கொட்டவும் இல்லை அக்கா
என்றேன், கையில் ஊரவிட்டு.
"அப்ப வேற என்னெண்டு சொல்லுறது?"

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி மணல் போட்டேன்.
அன்று மதியம் எனக்குப் பணிஸ்.

நிலாவெளியில் கருவாடு புரட்டிய நிஸ்தார் நானா
கொம்பைப் பார்த்துவிட்டு
"திருக்கை வால் மாதிரிக் கிடக்கு, தொடாத" என்றார்.
பஸ் தரிப்பில் திலகசிறி "தளம்புவா" என்றான்.
குடத்து நீர் தளம்புவது போல்
உண்மையில் அப்படித்தான் அது நடந்தது.
ஆனால் எல்லாப் புழுவுக்கும் அவனிடமும் அந்த ஒரு சொல்தான்.

புவனலோசினி டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தாள்.
"பருந்து அந்தாய் இருக்கலாம்."
எந்தப் பருந்து?
"செட்டை வரட்டும், சொல்லுறன்."
அவள் வீட்டில் ஐம்பத்திரண்டு அலகு.

ஐந்தாம் நாள் இலையைத் தொடவில்லை.
இரவு முழுக்கத் தகரத்தைச் சுற்றிச் சுற்றி
யாரோ நகத்தால் சுரண்டுவது போல.
"அதுக்கு எங்கயோ போகோணும்" என்றாள் தவமலர், நித்திரைக்குள்ளிருந்து.
விடியப் பார்த்தால்
மணல்மேல் ஒரு சிறு குழி, மூடியபடி.

தோண்டலாம். விரல்மூட்டு ஆழம்கூட இராது.
இருபத்தொரு வருடமாய் ஊரார் படலை திறக்கும் கை இது,
நாய்களுக்கும் பழக்கம்.
என்றாலும்
உள்ளே ஆளிருந்தும் திறவாத வீடுகளுக்கு
எங்கள் புத்தகத்தில் ஒரு குறிப்பு உண்டு.

பெயருக்கு விட்ட இடத்தில் அதை எழுதினேன்:
கதவு பூட்டு.
அடுத்த மாதம் வாசிக்கவும்.