பெருவிரல்

பதினொரு வருடமாக ஒரு தளம் நடத்துகிறேன்.
திருகோணமலை மாவட்டத்து உதைபந்தாட்ட முடிவுகள்.
அவ்வளவுதான்.
யார் யாரோடு, எத்தனைக்கு எத்தனை,
மழையால் நின்றதா, சண்டையால் நின்றதா.
வருமானம் இல்லை. செலவு வருடத்துக்கு
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
வீட்டுக்காரரிடம் ஆறாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பகலில் நீர்வழங்கல் அலுவலகத்தில் பட்டியல் பிரிப்பது.
இரவு, மீற்றர் இலக்கங்கள்
கண்ணுக்குள் சுற்றி ஓய்ந்த பிறகு
கோல்களை ஏற்றுவேன்.

கிண்ணியாவிலிருந்து இல்ஹாம் அனுப்புவான்.
மூதூருக்கு பவாஸ் மாஸ்டர்:
எழுத்தில் பிழை மலிந்திருக்கும், எண்ணில் ஒருநாளும் இல்லை.
பாலையூற்று ரெஜினோல்ட் படமெடுத்தால்
பந்து எப்போதும் சட்டத்துக்கு வெளியே நிற்கும்.
அப்போது அந்தச் சொல்லுக்கு
ஒரே பொருள்தான் இருந்தது.

போன கிழமை துவாரகா வந்தாள். சட்டத்தரணி,
பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கு.
இணையக் கொள்ளைத் தடுப்புச் சட்டமூலம், வரைபு,
முப்பத்தெட்டுப் பக்கம்.
பிரிவு பதினாலில் நான் இருக்கிறேன்:
‘உள்ளடக்கத்தைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யும் ஆள்’.
உலகத்துப் பாட்டும் படமும் பாதியை வைத்திருக்கிற கம்பனிகளும்
அதே வரியில்.
முதல் தடவையாக அவர்களோடு
ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.
இலைதான் எனக்குச் சின்னது. பில் ஒன்று.

முறைப்பாடு வந்தால் இருபத்துநாலு மணித்தியாலம்.
அதற்குள் அகற்றாவிட்டால் தளத்தையே மறிக்கலாம்.
முறைப்பாடு பிழையென்றால்?
துவாரகா பக்கம் புரட்டினாள்.
பின்பக்கமாகவும் புரட்டினாள்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு என்றாள்.

‘சரி, நீ எதையடி களவெடுத்தனீ?’

இரண்டாயிரத்துப் பதினேழு, ஏகாம்பரம் மைதானம்,
எண்பத்தொன்பதாவது நிமிடம்.
கஜரூபன் இடதுகாலால் அடித்தது.
பன்னிரண்டு செக்கன்.
பக்கத்துத் திருவிழாவின் ஒலிபெருக்கி
ஒரு சினிமாப் பாட்டின் சரணத்தை
மைதானத்துக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது.
பாட்டு எங்களுடையதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.
கோல் யாருடையது என்று
முப்பத்தெட்டுப் பக்கத்திலும் இல்லை.

கொள்ளை இந்தத் துறைமுகத்துக்குப் பழகிய சொல்.
கோயிலைப் பெயர்த்த கல்லில் கோட்டை கட்டினார்கள்.
கோட்டைக்குள் இப்போது மான் மேய்கிறது.
அதற்கொரு முறைப்பாட்டுப் படிவம் இருந்ததாக
நான் கேள்விப்படவில்லை.

நிலாவெளி மரியநேசன்
சிப்பிகளைப் படமெடுத்துப் பெயர் போட்டு வைத்திருந்தார்,
நானூற்றுப் பத்து.
பெயர்களை ஒரு புத்தகம் பார்த்துப் போட்டாராம்.
சேதி கேட்ட இரவே தளத்தை இறக்கிவிட்டார்.
சிப்பிகள் கடற்கரையில் கிடக்கின்றன,
பெயரில்லாமல், ஒழுங்காக.

நான் அவ்வளவு பயந்தவள் இல்லை.
இருநூற்றுப் பதினாலு காணொளியில்
சத்தத்தை மட்டும் எடுத்தேன். மூன்று இரவு.
றெபரி விசில் வாயில் வைக்கிறார், ஒன்றுமில்லை.
ஊரே வாய் திறக்கிறது, ஒன்றுமில்லை.
மீன் தொட்டி பார்ப்பது போல.

டென்மார்க்கிலிருந்து கஜரூபன் எழுதினான்:
அக்கா, அந்தக் கோலுக்குச் சத்தம் வருதில்லை,
என்ர போன் பிழையோ?
பாட்டுக்கு அடியில் அவன் தம்பி கத்துவான்,
‘அடியடா, பாக்காத, அடி!’
பாட்டை மட்டும் உரித்தெடுக்க எனக்குத் தெரியாது.
போன்தான் போல, என்று பதில் போட்டேன்.

சட்டமூலம் இன்னும் பாராளுமன்றப் படி ஏறவில்லை.
திருத்துவார்கள், கிடப்பில் போடுவார்கள்,
ஒன்றும் சொல்லேலாது என்கிறாள் துவாரகா.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன்.
கடல் பக்கமிருந்து காற்று.
ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பாட்டு.
மூலையிலிருந்து வந்த பந்தை
இல்ஹாமின் மச்சான் தலையால் முட்டினான்.
எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன்,
தொண்டை கிழியக் கத்தினேன்,
போனை நிமிர்த்திப் பிடித்தபடி,
அதன் அடியிலுள்ள சின்னத் துளையை
யாரும் சொல்லாமலே
பெருவிரலால் பொத்திக்கொண்டு.