கதவு எண்

4/117 என்று எழுதிவிட்டேன்.
என் வீடு 4/171.
அவசரம். கிருஷ்ணகிரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பத்து ரூபாய் வில்லை ஒட்டிக்
கேட்டது ஒன்றுதான்:
வேப்பனஹள்ளிக்குக் கிழக்கே அந்தக் குன்றை
எத்தனை அடி ஆழம் வரை வெட்ட அனுமதி?

"எதுக்கும்மா உனக்கு இது?" என்றார் எழுத்தர்.
காரணம் சொல்லத் தேவையில்லை சார்,
ஆறாம் பிரிவிலேயே இருக்கிறது என்றேன்.
சிரித்தார். சீல் குத்தினார்.

பதிலுக்கு முப்பது நாள், சட்டப்படி.
ஒன்பதாம் நாளே புல்லட்டில் ரெண்டு பேர்
117-இல் கெங்கம்மா கதவைத் தட்டி
"முனிரத்னா யாரு?" என்றார்கள்.
கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள்
முறத்தை நிறுத்தாமலே
தெலுங்கில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்தத் தப்பு நம்பர்
உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது.

இன்று இரண்டாவது மனு.
என் முதல் மனுவை யார் யார் பார்த்தீர்கள்,
யாரிடம் காட்டினீர்கள்,
தேதி, பதவி, பெயர், கோப்புக் குறிப்பின் நகல்.
இன்னொரு பத்து ரூபாய்.

முகவரி எழுதும் இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு 4/171,
திருத்தமாக.