லேபிள்

கிளீவ்லேண்டில் அந்த மார்ச்சில்
ஏரி இன்னும் உருகவில்லை.
பஸ் நிறுத்தத்திலிருந்து ஏழு வீடு தள்ளி;
அதில் மூன்றுக்கு ஜன்னல் இருந்த இடத்தில் பலகை.
நான்காம் முறையாக ரெனீட்டாவின் கதவைத் தட்டினேன்.
கையில் ஐம்பது கட்டங்கள் போட்ட தாள்,
பையில் மரக்கட்டைகள், ஒரு ஸ்டாப்வாட்ச்,
அவளுக்குக் கொடுக்க இருபது டாலர்.

ஓடெல்லுக்கு நான்கு வயது.
பிறந்த அன்றே
அவன் முதல் மூத்திரத்தைப் பிடித்துச்
சோதனைக்கு அனுப்பினார்கள்.
பெயர் வைக்கும் முன்பே முடிவு வந்துவிட்டது.
பத்திரிகைகள் அவனைப் போன்றவர்களுக்கு
மொத்தமாக ஒரு பெயர் வைத்திருந்தன,
போதையின் பெயரை முன்னால் ஒட்டி.
பள்ளிக்கூடங்கள் தாங்காது என்று எழுதினார்கள்,
சிறைகள் போதாது என்று எழுதினார்கள்,
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த
இரண்டு கிலோவைப் பார்த்து.

நானும் நம்பினேன்.
உண்மையைச் சொன்னால்
கொஞ்சம் ஆசைப்படவும் செய்தேன்.
அவன் கட்டைகளை வீசினால்
எங்கள் கருதுகோளுக்கு ஒரு புள்ளி.
வீசினான்.
ஒன்று என் முழங்காலில் பட்டது.
நேரம் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் குழந்தைக்குப் பத்துப் புத்தகங்கள் உண்டா?
ஒன்பது. பத்தாவதாக டெலிபோன் டைரக்டரியை
எடுத்து வைத்தாள், அவன் அதில்தான்
ஏறி நின்று பல் துலக்குகிறானாம்.
தாய் ஒருமுறையேனும் குழந்தையை அணைத்தாளா?
அந்தக் கேள்வி அவளுக்குத் தெரிந்திருந்தது.
போன தடவை என் மடியிலிருந்த தாளைத்
தலைகீழாகவே படித்திருக்கிறாள்.
மூன்று இருபதுக்கு அணைத்தாள்.
பையன் பலகையாக விறைத்தான்.
‘ஆம்’ என்று குறித்தேன்.
இருவரும் சற்றுநேரம் சுவரைப் பார்த்தோம்.

அப்போதுதான் ஃப்ரிட்ஜின் மோட்டார் உறுமியது.
ஒரே அலறல்,
மேசைக்கடியில் போய்
தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான்.
அவள் அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை.
எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கினாள்.
“பால் கொஞ்சநேரம் தாங்கும்” என்றாள், என்னிடமா
பாலிடமா தெரியவில்லை.
பிறகு தரையில் உட்கார்ந்தாள்,
மேசைக்கு முதுகைக் காட்டி.

பக்கத்தில் துவைத்த துணிக் குவியல்.
அதிலிருந்து ஒரு சட்டை,
சர்ச்சில் இலவசமாகக் கொடுத்தது, வாத்துப் படம் போட்டது.
கத்தரிக்கோலால் கழுத்து லேபிளை வெட்டினாள்.
மிச்சமிருந்த நூலை
நகத்தால் ஒவ்வொன்றாக உருவினாள்.
தையலைத் தன் கீழுதட்டில்
இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள்.
எங்கோ உறுத்தியது போலும், இன்னும் ஒரு நூல்.
மறுபடி உதட்டில்.
திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.
சிறிது நேரம் அது அந்தரத்தில் நின்றது.
ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

குவியலில் இருந்த எல்லாச் சட்டைகளையும்
அப்போதுதான் கவனித்தேன்.
ஒன்றிலும் லேபிள் இல்லை.

“அந்த ஒன்பது மாசத்தப் பத்தித்தான்
எல்லாரும் கேக்குறீங்க” என்றாள்.
“நேத்து ராத்திரி இவன்
எப்பத் தூங்கினான்னு கேளுங்க.”
எப்போது?
“மூணேகால்.”
“நீங்க?”
சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

என் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.
பனிபூட்ஸை மாட்டும்போது
முப்பத்தொன்று என்று கூட்டிப் போட்டேன்.
பஸ்ஸில்
தாளின் ஓரத்தில், பென்சிலால்,
‘சட்டை’ என்று எழுதினேன்.

மே மாதத்தில்
தகவல்களைக் கணினியில் ஏற்றும் பையன் போன் செய்தான்.
நூற்றுப் பன்னிரண்டாம் குழந்தை,
ஓரத்தில் ஒரு சொல் இருக்கிறதே,
எந்தப் பத்தியில் போடட்டும்?

யோசித்தேன்.
அழித்துவிடு, என்றேன்.

ரப்பர் தேயும் சத்தம்
போனில் கேட்டது.