பதினேழாம் ஜாயிண்ட்

பகல் பதினொன்றே கால்.
செப்பாக்கத்துப் பக்கம் சாம்பல் குழாய்
அன்றைக்கு மூன்றாம் தடவை ஒழுகியது.
நானும் தேசப்பனும் குந்திக்கொண்டு
சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

சத்தமே இல்லை.
நிழல்தான் முதலில் வந்தது, குழாய் மேலேறி எங்கள் மேல் இறங்கி.
நிமிர்ந்தால் ஏரோபிளேன்.
சுற்ற வேண்டிய விசிறி
தாழ்ப்பாள் போட்டபடி குறுக்கே நின்றிருந்தது.
ஹைடென்ஷன் கம்பியைத் தாண்டுமா என்று
நான் பல்லைக் கடித்தேன்.
தாண்டிவிட்டது.

பிறகு புழுதி.
காய்ந்த சாம்பல் குளம் மொத்தமும் எழுந்து நின்று
நிதானமாக எங்கள் மேல் உட்கார்ந்தது.
அனல் நிலையத்துப் புகைபோக்கியே காணாமல் போனது.
இருமிக்கொண்டே ஓடினோம்,
மேலோடு உடைந்தால் இடுப்பளவு சேறு என்பதால்
தெரிந்த தடத்தில் மட்டும்.

மூக்குக் குத்தி நின்றது.
முன்கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஆயில்.
எதைப் பார்த்து இறக்கினாளோ,
பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்;
சட்டைப் பட்டையில் வர்தினி.
"அங்கியே நில்லும்மா, கால் உள்ள பூடும்."
நின்றாள்.
பலகை போட்டுக் கூட்டி வந்தோம்.
அதற்குள் அவள் இமையும் எங்கள் நிறத்துக்கு வந்திருந்தது.

என் பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்துச் சொன்னாள்:
"மேலேர்ந்து பாத்தப்ப யாருமே இல்ல.
யார் மேலயும் விழக்கூடாதுன்னுதான் இங்க..."
தேசப்பன் எதுவும் சொல்லவில்லை.
கரையோரம் பதினெட்டு வீடு,
கூரைகூடச் சாம்பல்.
அதில் நாலாவது அவனுடையது.

கவிழ்ந்த மூக்குக்கடியில் தலையை விட்டுப் பார்த்தவன்
அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.
விரல் தடிமன் ரப்பர் குழாய்.
நகக்கண் அளவு வெடிப்பு.
"இதான் போச்சா?"
"இதான்."
அவன் கை தானாக
டியூப் துண்டு இருக்கும் பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

அவள் விரல்கள் ஆடியதில் போன் இரண்டு தடவை விழுந்தது.
எந்த இடம் என்று கேட்கிறார்கள்,
நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள்.
எண்ணூர் தாண்டி செப்பாக்கம் சார்.
மேப்பில் வரவில்லையாம்.
லேண்ட்மார்க் ஏதாவது?
சுற்றிலும் பார்த்தேன்.
புழுதி இன்னும் அடங்கவில்லை.

"ஏரோபிளேன் ஒண்ணு நிக்குது சார்,
அதைப் பாத்து வாங்க."

அவள்தான் முதலில் சிரித்தாள்,
அப்புறம் அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, கயிறு கட்டினார்கள்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம்
பதினேழாம் ஜாயிண்ட் மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது.
சூப்பர்வைசர் விசில் அடித்தான்.
போனோம்.