இருபது கிலோவுக்குக் கீழே

வாளையாற்று எடைமேடை அறையில்
ஊட்டிப் பருவம் முழுக்க ஒரு நோட்டு ஓடியது.
ஆறு பேர். தலைக்கு இருநூறு.
பந்தயத்துக்கு ஒரு குதிரை:
முதலில் வந்தால் பத்து, இரண்டாவதுக்கு நாலு.
சூதில்லை, மூளை
என்று சொல்லிக்கொண்டோம்.

வாசுக்குட்டன் எடை போடுகிறவன்.
சிமெண்ட் லாரி ஏறும்போதே
மேடையின் முனகலில் டன் சொல்வான்.
குதிரைக்கும் அதே காது.
போன தடவை ஐம்பத்திரண்டு, இப்போது ஐம்பத்தெட்டு,
ஆறு கிலோ ஏறினால் எத்தனை நீளம் பிந்தும்,
மழை பெய்தால் எத்தனை,
பழகுகிற பையன் ஏறினால் கழிவு எத்தனை...
எல்லாம் ரத்தான ரசீதுகளின் முதுகில், பென்சிலில்.

பஞ்சர் கடைச் செங்கோடனுக்கு
கடைசியாக வந்த வண்டியின் கடைசி எண்.
அவ்வளவுதான் படிப்பு.
பதினோரு பந்தயத்தில் மூன்று வென்றிருந்தான்.
வாசுக்குட்டன் ஐந்து.
"இந்த ரெண்டுக்கா இத்தன பென்சிலு?" என்றான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
வெளியே கோழி லாரி ஒன்று
விடாமல் ஹாரன் அடித்தது.

எடை வைக்கிற அதிகாரி ஒருவர் எங்கோ இருக்கிறார்.
ஜெயித்த குதிரைக்கு ஈயம் கட்டுவார்,
தோற்றதற்குக் கழற்றுவார்.
எல்லாம் ஒரே மூச்சில் வந்து முட்டவேண்டும்,
அது அவர் கனவு.
அவர் திறமையை நிரவி நிரவி
மிச்சம் விட்ட மணலைத்தான்
நாங்கள் சல்லடை போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பந்தயம். அவன் ஐம்பத்தெட்டு, நான் ஐம்பத்திரண்டு.
சில்வர் மாண்டில்தான் வரும்.
எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.
அதையே நானும் எழுதினால்
இரண்டு பேரும் சரி, நான் மட்டும் தோற்பேன்.
எனவே பேனாவைத் திறந்து
என் புத்திக்கு எதிராக எழுதினேன்:
குவைட் தண்டர்.
ஐம்பது கிலோ, ஈரத்தரையில் ஒருமுறைகூட ஓடாதது.

வானொலி இல்லை. ஊட்டியிலிருந்து
ஹனீபாவின் மைத்துனன் போனில் கத்தினான்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
பாதிப் பெயர்களைத் தின்றது.
வளைவில் சில்வர் மாண்டில்.
பிறகு காற்று.
பிறகு, "உங்காளு தண்டரப்பா, தண்டரு!"
சில்வர் மாண்டில் மூன்றாவது, ஒரு தலை வித்தியாசம்.

குருட்டு யோகம் என்றார்கள்.
செங்கோடன் என்னைக் கட்டிப்பிடித்தான்,
தன் கட்சிக்கு ஆள் சேர்ந்த மாதிரி.
அவன் கையின் கிரீஸ் என் சட்டையில்.
வாசுக்குட்டன் மட்டும் சொன்னான்:
"நீ குதிரையப் பாக்கல.
என்னயப் பாத்து எட போட்டே."
புகழ்ச்சியா என்று கேட்கவில்லை.
அது தப்பான குதிரை என்பதும்
அதை எழுதியது சரி என்பதும்
இன்றைக்கும் ஒரே பக்கத்தில் ஒட்டவில்லை எனக்கு.

இரவு பத்தரைக்கு வாழைத்தார் லாரி வந்தது.
"சொல்லு" என்றான். பதினாலு நானூறு என்றேன்.
பதினாலு முன்னூத்தி அறுபது என்றான் அவன்.
எண்கள் சிவப்பாய் ஆடி நின்றன: 14,360.
"சரியா?"
"இருபது கிலோவுக்குக் கீழ
இந்த மேட எண்ணாதுடா" என்றான்.
"அதுல ஒரு கொழந்த ஒக்காந்திருந்தாலும்
காட்டாது."

ரசீது கிழித்துக் கொடுத்தான்.
டிரைவர் சில்லறை கேட்டான்.
என்னிடம் ஆயிரத்து இருநூறு இருந்தது,
எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள்.