மதிப்பு: இல்லை

செட்டிச்சாவடியில் குண்டு வைத்தால்
பன்னிரண்டு நொடி கழித்து
எங்கள் ஆய்வகக் கண்ணாடி ஒரு தரம் உதறும்.
பிறகு தூசி வரும், அவசரமில்லாமல்.

அவர்கள் வெட்டுவது வெள்ளைக்கல்லுக்காக.
அதை ஒட்டிப் படுத்திருக்கும் பாசிக்கருப்புக் கல்லை
ஓரம் தள்ளிக் குவிக்கிறார்கள்.
அந்தக் குவியலில்தான் எனக்கு வேலை.

மக்னீசியம், இரும்பு, சிலிக்கன், ஆக்சிஜன்.
கிழட்டு விண்மீன்கள் ஊதிவிட்ட புகையிலும்
இதே நான்கு பேர், ஏறக்குறைய இதே கணக்கில்.
இங்கே வரிசையில் நிற்கிறார்கள்.
அங்கே வரிசை கலைந்து கிடக்கிறது.
கலைத்தது யார் என்பது என் ஆராய்ச்சி.
நான்காவது ஆண்டு. உதவித்தொகை மார்ச்சோடு நின்றது.

அகேட் உரலில் நாலு மணி நேரம் அரைப்பேன்.
மூக்குத்துணியைத் தாண்டி இமையில் வந்து உட்காரும்.
கீழ்வீட்டு இடும்பாயி அக்கா
"மாவு மில்லுலயா வேலை?" என்றாள் ஒருநாள்.
ஆமாம் என்றேன்,
இல்லையென்றால் சம்பளம் எவ்வளவென்று கேட்பாள்.

அரைத்ததைச் சிலிக்கன் வில்லையில் பூசி
எவர்சில்வர் சம்படத்தில் பஞ்சு வைத்து
ஐந்து ரோட்டுக் கூரியரில் நீட்டினேன்.
"என்ன பவுடர் மேடம்?" மாதேசன் முகர்ந்தே பார்த்துவிட்டான்.
கல் பொடி.
"எதுக்கு தில்லிக்கு?"
அடி வாங்க.
படிவத்தில் மதிப்பு என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.

தில்லியில் ஒரு முடுக்கி.
ஆர்கான் அணுக்களை உரித்து, விரட்டி,
என் பொடியின் மேல் எறிந்தார்கள்.
எங்கோ வெடித்த விண்மீனிலிருந்து தெறித்த அணுக்கருக்கள்
வழியில் கிடந்த தூசித் துகளை
ஏழு கோடி ஆண்டு அடிக்கும் அடி,
ஒரு பிற்பகலில், நடுவே தேநீர் இடைவேளையோடு.

இதற்கிடையில் ஆவணியில் ஓர் இரவு
ஏற்காட்டிலிருந்து இறங்கிய கடைசி பஸ்
பதின்மூன்றாம் வளைவில் பெல்ட் அறுந்து நின்றது.
விளக்கை அணைத்ததும்
சேலம் கீழே சிந்திக் கிடந்தது.
மேலே, தேளின் வாலுக்குப் பக்கத்தில்,
பால்வீதியின் நடுவே நீளமாய் ஒரு கருப்பு.
காப்பித் தோட்டத்தில் எடை போடுகிறவர் சொன்னார்:
"அங்கே மட்டும் நட்சத்திரம் வைக்காம விட்டுட்டாங்க பாருங்க."
வைத்திருக்கிறது, முன்னால் தூசி நிற்கிறது என்றேன்.
"தூசின்னா தொடைக்கணும்ல" என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
எனக்கு விரல் நுனி அரித்தது.
அவ்வளவு பெரிய இருட்டின் ஒரு பிடி
சம்படத்தில், இந்நேரம் எந்த ரயிலிலோ.

திரும்பி வந்ததை அலைமாலையில் வைத்தேன்.
போகும்போது கூர்கூராய் இருந்த கோடு
பத்து மைக்ரானில் ஒரே மழுங்கல் மேடாகியிருந்தது.
தொலைநோக்கிக்காரர்கள் வானத்தில் வரைந்த மேட்டின் மேல்
போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது.
ஓரிடம் தவிர.
பதினொன்று புள்ளி இரண்டில்
சின்னதாய் ஒரு புடைப்பு, அடங்கவில்லை.
அத்தனை அடிக்குப் பிறகும்
எந்த மூலையிலோ நாலைந்து அணுக்கள்
இன்னும் வரிசையில் நிற்கின்றன,
ரேஷன் கடை சாத்தியது தெரியாதவர்கள் மாதிரி.

"அடியைக் கூட்டு" என்றார் வழிகாட்டி.
அன்று நான் கூட்டவில்லை.
அச்சிட்டு, அந்தப் புடைப்பைப் பென்சிலால் வட்டமிட்டு
இரண்டு வாரம் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் மறுபடி ஐந்து ரோடு, அதே சம்படம்.
மாதேசன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான்.
"இல்லைன்னு போட்டா, தொலைஞ்சா ஒண்ணும் வராது மேடம்."
அவனாகவே அடித்துவிட்டு நூறு ரூபாய் என்று எழுதினான்.
தராசு காட்டியது சம்படத்தின் எடையை மட்டும்.

இரவு பத்தரைக்குக் குறுஞ்செய்தி:
மழை காரணமாக உங்கள் பொருள்
ஓமலூரில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.